முள் ஏறாத கார்

எஞ்சின் கொதிக்கத் தொடங்கும்போது அதற்குள் கூழாங்கற்கள் உருளுவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். ஐம்பத்திரண்டு வருஷங்களுக்கு முன்னால், ஒரு வைகாசிக் காலையில், கல்மேட்டு மலைப்பாதையின் நான்காவது வளைவில், டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு பாலத்துக் கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்த நான் அதைக் கேட்டேன். முதலில் கூழாங்கல், பிறகு ஒரு பெரிய மூச்சு, பிறகு மூடி திருகும் ஒரு கிறீச், பிறகு மலையே வெள்ளையாகிப்போகும்படி ஒரு உஸ், அதற்கும் பிறகு என் கணவரின் குரல். அவர் பெயர் சென்னியப்பன். அவருடைய குரலை நான் கடைசியாகக் கேட்டது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் வாழையிலை மேல் பதினொரு நாள் கிடந்தார், ஆனால் பேசவில்லை.

அந்தக் கார் அவர் தன் கையால் கட்டியது. ஏதோ ஒரு பழைய லாரியின் எஞ்சினை எடுத்து, தகட்டை மணல் மூட்டையில் வைத்துத் தட்டித் தட்டி உடம்பு செய்து, ஸ்பின்னிங் மில் முதலாளி ஜெயபூபதிக்காக ஏழு மாதம் கட்டினார். ஜெயபூபதி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்துக் கொண்டுவந்த படத்தில் இருந்த காருக்கு முன்னால் வாயே இல்லை. மூக்கு வழவழவென்று, சோப்புக் கட்டி தேய்ந்த மாதிரி இருந்தது. எனக்கும் அதேபோல் வேண்டும், மில்காரர்களின் மலையேற்றப் பந்தயத்துக்கு அதில்தான் போவேன் என்றார்.

"முதலாளி, மூக்க மூடுனீங்கன்னா மூச்ச வேற எடத்துல வுடணுமுங்" என்றார் என் கணவர். வொர்க்‌ஷாப் சுவரில் சாக்கட்டியால் வரைந்தும் காட்டினார். கதவுகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மீன் செவுள்போல் வெட்டிக் காற்றை உள்ளே வாங்க வேண்டும். ரேடியேட்டரைத் தூக்கி டிக்கியில் சாய்த்து வைக்க வேண்டும். அதன் முதுகில் இரண்டு ஃபேன். தரைத் தகட்டுக்கு அடியில் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு செம்புக் குழாய்கள். அவ்வளவு நீளக் குழாயில் காற்று தங்கிவிடும் என்பதால், எஞ்சினுக்கு மேலே உயரமான இடத்தில் ஏர் எடுக்க ஒரு சின்னத் திருகு.

"எத்தன நாளாகும்?"

"இருபது நாளுங்."

"பந்தயமே பதினாலு நாள்ல வருது. முன்னாலயே கெடக்கட்டும் போ. மல ஏற இருபது நிமிசம். அதுக்குள்ள என்ன வெந்தா போயிரும்?"

முன்னாலேயே கிடந்தது. ஒத்திகைக்கு மலையேறிய அன்று வண்டியை ஓட்டியவர் ஜெயபூபதி. பக்கத்தில் என் கணவர். நான்காவது வளைவில் கூழாங்கல் சத்தத்தோடு வண்டி நின்றதும் அவர் இறங்கி, சாக்கை நனைத்துக்கொண்டு வர ஓடைக்கு ஓடினார். எங்கள் வொர்க்‌ஷாப் தெருவில் வேலைக்குச் சேர்கிற யாருக்கும் முதல் நாள் ஸ்பேனர் தருவதில்லை, ஒரு கோணிச் சாக்கைத்தான் தருவார்கள். சூடான ரேடியேட்டர் மூடிமேல் நனைந்த சாக்கைப் போட்டு, பத்து எண்ணி, பாதித் திருகு திருகி, மறுபடி பத்து எண்ணித்தான் திறக்க வேண்டும். என் கணவர் சாக்கோடு திரும்பியபோது ஜெயபூபதி போனட்டைத் தூக்கி, வெறுங்கையை மூடிமேல் வைத்துவிட்டிருந்தார். சாக்கை எறிந்துவிட்டு ஓடி அவரைத் தோளால் இடித்துத் தள்ளினார் என் கணவர். முதலாளி புல்மேல் விழுந்தார், சட்டைக்குக்கூட ஒன்றும் ஆகவில்லை. தள்ளியவர் ஆவிக்குள் நின்றார்.

நான் பதினைந்தடி தூரத்தில் இருந்தேன். போலீஸில் சொன்னேன். "பொண்டாட்டி சாட்சியெல்லாம் நிக்காதும்மா" என்றார் எழுதிக்கொண்டிருந்தவர். ஜெயபூபதி சொன்னது நின்றது: "வேண்டாண்டா வேண்டாண்டான்னு கத்துனேன். கேக்காம தொறந்துட்டான்."

இதை நம்பியதில் போலீஸைவிட எங்கள் தெரு முந்திக்கொண்டது. இரண்டு நாள் அழுதார்கள், மூன்றாம் நாள் சிரித்தார்கள். இருபது வருஷம் எல்லோருக்கும் சாக்கு நீட்டிய மனிதர் சாக்கில்லாமல் திறந்தார் என்பது அவர்களுக்குப் பொறுக்க முடியாத வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். யாராவது நட்டைத் தவறாக மாட்டினால், "ஏப்பா, சென்னியப்பன் வேல பாக்கறயா?" என்பார்கள். டீக்கடையில் கை தவறி டம்ளர் விழுந்தால், "சென்னியப்பன் வேல!" அவரிடம் தொழில் கற்றவர்கள்தான் முதலில் சொன்னார்கள். நான் அந்தத் தெருவிலேயே, அந்தப் பேச்சு காதில் விழும் தூரத்திலேயே குடியிருந்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ஜெயபூபதி அந்தத் தெருவில் நின்று, மூடியைத் திறந்தது நான்தான் என்று தன் வாயால் சொல்ல வேண்டும்.

அவர் வரவில்லை. காரைத்தான் கட்டி இழுத்து அனுப்பினார். "ராசியில்லாத வண்டி. அந்தப் பொம்பளையே வெச்சுக்கட்டும்" என்றாராம்.

வைத்துக்கொண்டேன். கருமாதி முடிந்த மறுவாரம் ரேடியேட்டர் பற்றவைக்கும் சூசைராஜைக் கூப்பிட்டேன். என் கணவரைவிட நாலு வயது சின்னவர், அந்தத் தெருவில் சிரிக்காத ஒரே ஆள். சுவரில் சாக்கட்டிப் படம் அழியாமல் இருந்தது.

"அக்கா, இத வித்துப்போட்டு வேற பொழப்பப் பாக்கலாமுங்."

"படத்துல இருக்கற மாதிரியே செய்யணும் சூசை. ஒரு அங்குலம் மாறக்கூடாது."

இருபது நாள் என்று என் கணவர் சொன்னது சரியான கணக்குத்தான். இருபதாம் நாள் விடியற்காலையில் கடைசிப் பற்று வைத்தார் சூசைராஜ். ரேடியேட்டரில் விபத்தன்று மிச்சமிருந்த தண்ணீரை, பச்சையும் துருவுமாக, ஊறுகாய் ஜாடி ஒன்றில் பிடித்துத் துணி கட்டி வைத்திருந்தேன். அதைத்தான் முதலில் ஊற்றினேன். சூசைராஜ் பார்த்தார், தடுக்கவில்லை. மேலே குழாய்த் தண்ணீர் ஊற்றினோம். வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்தி, திருகைத் திறந்து, குழாய்களுக்குள் சிக்கியிருந்த காற்று கொப்புளம் கொப்புளமாக வெளியேறுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கொப்புளம் நின்றதும் திருகை மூடிவிட்டு நான் ஓட்டினேன். ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என் கணவர்தான்.

பத்து மைல் போயும் சூடு காட்டும் முள் அசையவில்லை. "ஏர் புடிச்சிருக்குமுங். தண்ணி தொடாட்டி முள்ளு பொய் சொல்லும்" என்று சூசைராஜ் நிறுத்தச் சொல்லி ஏர் எடுத்தார். காற்று இல்லை. இன்னும் பத்து மைல் கழித்து மறுபடி எடுத்தார். அதற்குப் பிறகு டிக்கியைத் திறந்து ரேடியேட்டர்மேல் உள்ளங்கையை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவே இல்லை.

"பானத் தண்ணியாட்ட இருக்குதுங்கக்கா."

எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சூடு எங்கே போகிறது என்பது சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்த மில் ஆட்கள் சொல்லித்தான் தெரிந்தது. அன்று காலை பத்தரை மணிக்கு, டைரக்டர்கள் கூட்டத்தில் பஞ்சு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஜெயபூபதியின் சட்டைக் காலருக்குள்ளிருந்து ஆவி வந்தது. முன்னால் இருந்த கண்ணாடி டம்ளர் விரிசல் விட்டது. நாற்காலியின் வார்னிஷ் உருகிக் கால்சட்டையில் ஒட்டியது. டாக்டர் வைத்த தெர்மாமீட்டர் வெடித்தது. மனிதருக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. தோலும் முடியும் அப்படியே இருந்தன. வேகிற வேதனை மட்டும் முழுதாக இருந்தது. பன்னிரண்டரை மணிக்குத் தானாகத் தணிந்தது. நான் பன்னிரண்டரை மணிக்குத்தான் வீட்டு வாசலில் எஞ்சினை நிறுத்தினேன்.

மறுநாள் சந்தைக்குப் போய்வந்தேன். அதற்கடுத்த நாள் பெட்ரோல் போடுவதற்காக மட்டும் போய்வந்தேன். பிறகு எதற்காகவும் இல்லாமல் போனேன்.

டாக்டர் சூட்டு உடம்பு என்றார், இளநீரும் வெந்தயமும் எழுதிக் கொடுத்தார். ஜெயபூபதி ஊட்டிக்குப் போய்ப் பார்த்தார். சூடு கூடவே போனது, பக்கத்து பங்களாக்காரர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்து அவர் ஜன்னலில் குளிர் காய்ந்தார்கள். ஒரு வாரத்தில் திரும்பிவிட்டார். அதற்குள் ஊருக்கு இந்த விஷயம் பழகிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் ஏன் என்று கேட்கிறவர்கள் இல்லை, எத்தனை மணிக்கு என்று கேட்கிறவர்கள். அந்த வருஷம் ஆடியில் பிடித்த சாரல் கார்த்திகைவரை விடவில்லை; மில் லைன் வீட்டுப் பெண்கள் முதலில் ஒரு குழந்தையின் ஈரத் துணியைக் கொண்டுபோய் ஜெயபூபதி வீட்டு மதில்மேல் போட்டுப் பார்த்தார்கள், ஐந்து நிமிஷத்தில் மொடமொடவென்று காய்ந்தது. அடுத்த வாரம் மதில் முழுக்கச் சேலைகள். அதற்கடுத்த வாரம் வடகமும் மிளகாயும் மதிலுக்கு வெளியே வரிசையாகப் பாய் விரித்துக் கிடந்தன. சாயப்பட்டறைக்காரர்கள் நூல் சிட்டங்களை மூங்கிலில் கோத்துத் தோளில் சுமந்து வந்து நின்றார்கள். சலவைக்காரர் ஒருவர் இஸ்திரிப் பெட்டிக்குக் கரி போடுவதையே விட்டுவிட்டு, பெட்டியை மதிலில் ஒட்டி வைத்துச் சூடேற்றிக்கொண்டார். வாட்ச்மேன் முதலில் விரட்டினார், பிறகு இடம் பிரித்துக் கொடுத்தார், பிறகு தன் வீட்டு வடகத்துக்கு நல்ல இடமாக ஒதுக்கிக்கொண்டார். காலையில் என் வாசலுக்கு வந்து கேட்கிறவர்கள் நாளுக்கு நாள் கூடினார்கள்.

"ஏனுங்கக்கா, இன்னிக்கு எத்தன மணிக்குங் கெளம்பறீங்?"

"பத்து."

"கொஞ்சம் வேகமாவே ஓட்டுங்கக்கா. நேத்து முதலாளி சரியாக் காயலீங். துணியெல்லாம் நமுத்துப்போச்சு."

பதினெட்டாம் படிக் கோயில் பூசாரி பிரசாதப் பொங்கல் பானையை அந்த மதிலோரம் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்து, அது முதலாளியின் உடம்புச் சூடு என்பதால் தீட்டா இல்லையா என்று மூன்று நாள் விவாதம் நடந்து, கடைசியில் ஆவிக்குத் தீட்டில்லை என்று முடிவானது. இத்தனை நடந்தும் தெருவில், "சென்னியப்பன் வேல" மட்டும் நிற்கவில்லை. ஈரத் துணியைக் காயவைத்துக் கொடுக்கிற அதிசயத்தை ஒப்புக்கொண்டவர்கள், அது ஏன் ஜெயபூபதியைத் தேடிப் போகிறது என்பதை யோசிக்கவில்லை. யோசித்தால் சிரிப்பு போய்விடும்.

மார்கழியில் தனபாக்கியம் வந்தாள். ஜெயபூபதியின் மனைவி. என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். காரை முக்கிலேயே விட்டுவிட்டுச் செருப்பில்லாமல் நடந்து வந்தாள்.

"அம்மிணி, பத்து மணியாச்சுன்னா ஈரத் துணி மாத்தி மாத்தி ஒத்தி எடுக்கறனுங். வேற யாரும் கிட்ட வரமாட்டேங்கறாங். நீங்க வண்டிய நிறுத்திருங்."

"அவரு இந்தத் தெருவுல வந்து நின்னு, தொறந்தது நான்தான்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அந்த நிமிசமே நிறுத்தறேன்."

"சொல்லமாட்டாருங். வெந்தாலும் வேகறேங்கறாரு."

"அப்ப வேகட்டும்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "தொறந்தது அவருதான்னு எனக்குத் தெரியுமுங். அன்னிக்கு வீட்டுக்கு வந்தவரு கையவே பாத்துட்டு உக்காந்திருந்தாரு. நான் சொல்றனுங் அம்மிணி, நான் தெருவுல நின்னு சொல்றேன்."

"பொண்டாட்டி சாட்சி நிக்காதாம்" என்றேன். சொன்ன உடனேயே எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

தை மாதம் மில்லின் வருடாந்திரக் கூட்டம் வந்தது. பங்குதாரர்கள் முன்னால் ஆவி பறக்க நிற்க ஜெயபூபதிக்கு மனமில்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் காலை, நான் ஒரு சுற்று போய்வந்து எஞ்சினை நிறுத்தாமல் வாசலில் நின்றபோது, அவர் தெருமுனையில் இறங்கினார். பின்னால் ஈரத் துணியோடு தனபாக்கியம். அவர் நடந்து வந்த வழியில் கொட்டிக்கிடந்த கிரீஸெல்லாம் இளகி ஓடியது. தெருவே கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வந்து நின்றது.

"அந்தத் தண்ணியக் கீழ ஊத்து" என்றார் என்னிடம்.

"சொல்ல வேண்டியதச் சொல்லுங். நானே ஊத்தறேன்."

"உன்கிட்ட நான் என்னத்தச் சொல்றது?" அவர் வண்டியைச் சுற்றிப் பின்னால் போய், டிக்கியைத் தூக்கி, மூடிமேல் கையை வைத்தார்.

அந்தக் கணத்தில் தெருவிலிருந்த அத்தனை ஆண்களும், யாரும் யாருக்கும் சொல்லாமல், ஒன்றாக மூன்றடி பின்னால் போனார்கள். உடம்புக்குள் போய்விட்ட பழக்கம் அது. எஞ்சின் ஓடுகிற வண்டியில் மூடிமேல் வெறுங்கையை வைக்கிற மனிதனை அவர்களில் யாரும் வாழ்க்கையில் பார்த்ததில்லை. சூசைராஜ் கத்தினார்: "முதலாளி, சாக்குங்! சாக்கப் போடுங்!"

"ஊரே பச்சத் தண்ணிங்குது. என்னடா சாக்கு?"

அவரைத் தள்ளிவிட யாரும் ஓடவில்லை. நானும் ஓடவில்லை, என் கையில் சாக்கு இருந்தது, பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் இடது கையால் அழுத்தி, நிறுத்தாமல், எண்ணாமல், ஒரே திருகில் திறந்தார். ஒன்றும் ஆகவில்லை. குளிர்ந்த தண்ணீர் தளும்பி வழிந்து, அவர் பாதத்தில் விழுந்த இடத்தில் மட்டும் சுர்ரென்று ஆவியானது. ஜெயபூபதி சிரித்தார். பயந்து பின்வாங்கிய மெக்கானிக்குகளை ஒவ்வொருவராகப் பார்த்துச் சிரித்தார்.

"பாத்தீங்களாடா? ஒரே திருகு! பத்து எண்ணறாங்களாம், சாக்குப் போடறாங்களாம்! அன்னிக்கும் இதே கைதான், இதே திருகுதான். அவன் குறுக்க வந்து வுழுந்தான், அதுக்கு நான் என்ன—"

அங்கே பேச்சை நிறுத்தினார். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் அசைந்தவர் லேத் ஓட்டும் பொன்னுரங்கம். "சென்னியப்பன் வேல" என்று முதன்முதலாகச் சொன்னவர் அவர்தான். அவர் தன் தோளில் கிடந்த சாக்கை எடுத்து, என் வீட்டு வாசல்படியில் மடித்து வைத்துவிட்டுப் போனார். பிறகு இன்னொருவர் வைத்தார். பிறகு வரிசையாக எல்லோரும். ஜெயபூபதி திறந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் நின்றார். நான்தான் வாங்கிக்கொண்டேன், அவர் கைச் சூட்டில் அது கொதித்தது.

"சொல்லிட்டாருங் அம்மிணி" என்றாள் தனபாக்கியம். "எல்லாரும் கேட்டுட்டாங். வாக்குக் குடுத்தீங்கல்ல. நிறுத்திருங்."

"நிறுத்திர்றேன்" என்றேன். எஞ்சினை நிறுத்தினேன். தெருமுனைவரை போய் அவள் திரும்பிக் கும்பிட்டாள்.

அன்றைக்கு நான் அழுதிருக்க வேண்டும், அல்லது தூங்கியிருக்க வேண்டும். இரண்டும் வரவில்லை. மாதக்கணக்கில் ஏங்கிய ஒரு வாக்கியம் கிடைத்துவிட்டது. அதைக் கையில் வைத்துப் பார்த்தேன், அது ஒரு வாக்கியமாக மட்டும் இருந்தது. வாழையிலை, அதை மாற்றும்போது ஒட்டிக்கொண்டு வரும் தோல், பதினொரு நாள், எதற்கும் அது ஈடாகவில்லை. காலையில் இரண்டு மூன்று பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். மழை விட்டு வெகுநாளாகியிருந்தது. வெயில் வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் கூடை நிறையத் துணி கொண்டுவந்திருந்தார்கள்.

"அக்கா, வெயில்ல போட்டா சாயம் போயிருதுங். மொதலாளி மதில்னா பக்குவமாக் காயுது. ஒரு சுத்துப் போய்ட்டு வாங்களேன்."

அவர்களுக்காகத்தான் போனேன் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் குழாயில் இரண்டு டம்ளர் தண்ணீர் பிடித்து, வழிந்து குறைந்ததை நிரப்பி, மூடியை இறுக்கி, பத்து மணிக்கு வண்டியை எடுத்தேன்.

சூசைராஜ் சந்தை முக்கில் குறுக்கே வந்து கை காட்டி நிறுத்தினார். ஜன்னலில் குனிந்தவர் என்னைப் பார்க்கவில்லை, அசையாமல் கிடந்த முள்ளைப் பார்த்தார்.

"போதுமுங்கக்கா. அண்ணன் இருந்திருந்தா போதும்னிருப்பாரு."

"அண்ணன் இல்லியே சூசை."

அவர் வழியை விட்டார். அந்த மாதமே திருப்பூரில் ஒரு பட்டறைக்குப் போய்விட்டார், பிறகு எனக்கு ஒரு கடிதமும் போடவில்லை.

நான் பதினாறு வருஷம் ஓட்டினேன். எஞ்சினை மூன்று முறை பிரித்துக் கட்டினேன், ரேடியேட்டரில் கைவைக்கத் தேவையே வரவில்லை. அவ்வளவு நன்றாகக் குளிர்ந்தது. மில் கைமாறியது, லைன் வீடுகளில் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் வந்தன, மதிலுக்குத் துணி கொண்டுவருகிறவர்கள் குறைந்து குறைந்து நின்றுபோனார்கள். யாருக்கும் பயனில்லாமல் நான் ஓட்டினேன், யாருக்கும் பயனில்லாமல் அவர் வெந்தார். ஒருநாள்கூடத் தனபாக்கியம் மறுபடி என் வாசலுக்கு வரவில்லை; பத்து மணியானால் ஈரத் துணியோடு அவர் பக்கத்தில்தான் இருந்தாளாம். ஜெயபூபதி ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் இறந்தார்.

அடுத்த ஆண்டு தனபாக்கியம் வீட்டை விற்றுவிட்டு உடுமலையில் தம்பி வீட்டோடு போனாள். பத்திரம் பதிகிற அன்று சார்பதிவாளர் அவள் இடது பெருவிரலில் மை தடவி மூன்று முறை அழுத்தினார், பிறகு வலதை அழுத்தினார், பிறகு பத்து விரல்களையும் அழுத்திப் பார்த்தார். அவள் விரல்களில் ரேகை இல்லை.